பண்டாரவளையிலிருந்து எந்தத் துறைமுகம்: கொழும்பா, அம்பாந்தோட்டையா, திருகோணமலையா?

இலங்கையின் வரைபடத்தை விரித்துப் பார்க்கும் எவருக்கும், ஊவா மலைநாட்டிலுள்ள பண்டாரவளைக்கு மிக அண்மையில் இருக்கும் பெரிய துறைமுகம் அம்பாந்தோட்டைதான் என்பது முதற்பார்வையிலேயே தெரியும். எல்ல, வெல்லவாய, தனமல்வில வழியாக இறங்கினால், அப்புத்தளை, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை என்று நீளும் கொழும்புப் பாதையைவிட அது நன்றாகவே குறைந்த தூரம். இருந்தும், ஊவாத் தோட்டங்கள் சிலவற்றின் தேயிலையை ஏலத்தில் அல்லாமல் நேரடி விற்பனை முறையில் வாங்கி வெளிநாட்டுக் கடைகளுக்குச் சிறு அளவில் அனுப்பத் தொடங்கிய நானும் என் பங்காளியும் கொழும்பையே தேர்ந்தோம்; இன்றும் அதையே தொடர்கிறோம். ஆகவே கீழே வருவது நடுநிலையான தீர்ப்பன்று.

காலியையும் காங்கேசன்துறையையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. நீராவிக் கப்பல்களின் காலத்தில் காலிக்கு இருந்த இடம், 1875இல் கொழும்பில் அலைதாங்கி கட்டத் தொடங்கிய பின் கைமாறிவிட்டது. காங்கேசன்துறையில் இன்று அதிகம் பேசப்படுவது நாகப்பட்டினத்துப் பயணிகள் கப்பல்.

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகம் உலகின் மிக ஆழமானவற்றுள் ஒன்று என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அங்கே இறங்குவது பெரும்பாலும் மொத்தமாகக் கொட்டி ஏற்றும் சரக்கு: கோதுமை, சீமெந்துக்கான மூலப்பொருள், சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன தாங்கிகளுக்கான எண்ணெய். நமது தோட்டக் குடியிருப்பு லயங்களில் சுடப்படும் ரொட்டிக்கான மாவில் கணிசமான பங்கு திருகோணமலை ஆலையில் அரைக்கப்பட்டே மலையேறுகிறது. அந்த வகையில் நாம் அந்தத் துறைமுகத்துக்குக் கடன்பட்டவர்கள். கொள்கலனில் அடைத்து அனுப்பும் தேயிலைக்கு அது பொருந்தாது என்றே கருதுகிறேன். ஆயினும் அவ்வழியாக நான் எதையும் அனுப்பியதில்லை. லொறிக்காரர்களும் சரக்கு முகவர்களும் சொன்னதை வைத்தே இதை எழுதுகிறேன்.

உண்மையான போட்டி அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில்தான். 2010 நவம்பரில் திறக்கப்பட்டு, 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனமொன்றிடம் போன அம்பாந்தோட்டை, கிழக்கு மேற்காக ஓடும் பெரிய கப்பற்பாதைக்கு மிக அருகில் இருக்கிறது, ஆழத்திலும் குறையில்லை. அதன் வலிமை வாகனங்களில் இருக்கிறது. கப்பலுக்குள்ளிருந்து ஓட்டி இறக்கப்படும் கார்களும் வேன்களும் அங்கே வேறு கப்பல்களுக்கு மாற்றப்படுகின்றன. அண்மை ஆண்டுகளில் கொள்கலன்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. கொழும்பிலோ ஜய முனையம், தெற்காசிய நுழைவாயில் முனையம், 2013இல் இயங்கத் தொடங்கிய 18 மீற்றர் ஆழமுள்ள சர்வதேச முனையம், 2025இல் சேர்ந்துகொண்ட மேற்கு முனையம் என்று பல இருக்க, இருபதடிக் கொள்கலன் ஒன்றை ஓர் அலகாக எண்ணினால், ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட அலகுகள் கையாளப்படுகின்றன. இந்த எண்ணிக்கையைக் கண்டு மட்டும் யாரும் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. அவற்றில் ஐந்தில் நான்கு பங்களவு ஒரு கப்பலில் இறங்கி மற்றொரு கப்பலில் ஏறிப் போய்விடுவதால், அந்தப் பெருக்கத்தில் நமக்கு நேரடிப் பயன் குறைவு.

எங்களுக்கு முடிவைத் தந்தது, நாட்டின் சொந்த இறக்குமதி ஏற்றுமதிக்கான மீதி ஐந்தில் ஒரு பங்கு. தேயிலை அனுப்ப முதலில் வேண்டியது வெற்றுக் கொள்கலன். ஆட்கள் வாழ்ந்து, பொருள் வாங்கி, இறக்குமதிச் சரக்கைப் பிரித்து எடுக்கும் இடத்தில்தான் கொள்கலன் வெறுமையாகும். இலங்கையில் அந்த இடம் கொழும்பை உள்ளடக்கிய மேல்மாகாணம். அம்பாந்தோட்டையில் இறங்கும் கொள்கலன்களில் மிகுதியானவை பூட்டுத் திறக்கப்படாமலே அடுத்த கப்பலுக்குப் போகின்றன. அங்கே ஏற்றுமதிக்குக் கொள்கலன் வேண்டுமென்றால், கப்பல் நிறுவனம் அதை வேறிடத்திலிருந்து தருவித்துக் கொடுக்க வேண்டும், அந்தச் செலவும் காத்திருப்பும் கடைசியில் நமது பட்டியலில்தான் வந்து ஏறும். பெட்ரோலில் மிச்சம் பிடித்து வாடகையில் கொட்டுவது போன்ற கணக்கு அது.

சிறு வியாபாரிக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு முழுக் கொள்கலனை நிரப்புமளவு தேயிலை எங்களிடம் எல்லா மாதமும் இருப்பதில்லை. பலருடைய சரக்கை ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்பும் முகவர்கள் கொழும்பிலும் அதைச் சுற்றியும்தான் தொழில் நடத்துகிறார்கள். 1883இல் தொடங்கிய தேயிலை ஏலம், தரகர்கள், அவர்களுடைய களஞ்சியங்கள், தேயிலைச் சபை, வங்கி எல்லாம் அங்கேயே இருப்பதால், உலர்ந்த பொதிகள் சாதாரண லொறியில் மலையிறங்கிப் போய், கீழே கொள்கலனில் அடைக்கப்படுகின்றன. நாற்பதடிக் கொள்கலனை மலைப்பாதை வளைவுகளில் ஏற்றி இறக்கும் தொல்லை இதனால் இல்லாமற் போகிறது. சேர்த்து அனுப்பும்போது ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: பக்கத்தில் கறுவாவோ கராம்போ ஏறுகிறதா என்று. தேயிலை மணத்தையும் ஈரத்தையும் எளிதில் இழுத்துக்கொள்ளும்.

கப்பல் அடிக்கடி வருவதன் அருமை ஊவாப் பருவத்தில் விளங்கும். யூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் எனப்படும் உலர்ந்த மேல்காற்று வீசும்போது பறிக்கப்படும் கொழுந்துக்கு வரும் தனி மணத்துக்காகவே வாங்குபவர் கூடுதல் விலை தருகிறார். அந்தச் சரக்கு கரையோர வெயிலில் கப்பலுக்காகக் காத்துக் கிடப்பதை நான் விரும்பமாட்டேன். கொழும்பில் ஒரு கப்பல் தவறினால் அதே திசைக்கு வேறு நிறுவனத்தின் கப்பலைத் தேடலாம். அம்பாந்தோட்டையில் அந்தத் தெரிவு இன்னும் குறைவு.

கொழும்பின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. 2025 தொடக்கத்தில் கொள்கலன்கள் தேங்கி நின்றதை நாடே பார்த்தது. துறைமுகத்தை அண்டிய வீதிகளில் லொறி நகராமல் நிற்கும் மணித்தியாலங்களுக்கும் சாரதிக்குக் கூலி உண்டு. ஆனால் வீதி என்று வந்தால், எந்தத் துறைமுகமும் மலையகத்தானுக்கு முழுக் காப்பு அன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் மண்சரிவுகளால் மலைப்பாதைகளையும் ரயில் பாதையையும் சிதைத்தபோது, தடை மலைக்குள்ளேயே இருந்தது. கடற்கரை எவ்வளவு அருகில் இருந்தாலும் அந்த நாட்களில் பயனில்லை.

வாகனமோ கனரக இயந்திரமோ தருவிக்கும் ஊவாக்காரர் அம்பாந்தோட்டையைத் தயங்காமல் விசாரிக்கலாம். மாதந்தோறும் பல முழுக் கொள்கலன்களை ஒரே நாட்டுக்கு அனுப்பும் பெரிய ஏற்றுமதியாளருக்கும், கப்பல் நிறுவனத்துடன் முன்கூட்டிப் பேசி வெற்றுக் கொள்கலனை உறுதி செய்துகொள்ள முடிந்தால், என் கணக்கு மாறக்கூடும். அந்த அளவில் தொழில் செய்த அனுபவம் எனக்கில்லை. தெற்கில் இறக்குமதிச் சரக்கைப் பிரிக்கும் தொழிற்சாலைகள் பெருகி, வெற்றுக் கொள்கலன்கள் அங்கேயே தேங்கத் தொடங்கினால், வெல்லவாயப் பாதைக்கு நாங்களும் புதிதாக ஒரு விலை கேட்டுப் பார்ப்போம்.