வந்து வந்து போகும் இன்ஜின் கோளாறு: ஸ்கேனரா, டெஸ்ட் லேம்பா, மாற்றிப் பார்ப்பதா?

ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார் திடீரென்று ஆஃப் ஆகிறது. அரை மணி நேரம் கழித்துச் செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக ஓடும். இந்த மாதிரிக் கோளாறைப் பிடிக்க ஸ்கேனர், மீட்டரும் டெஸ்ட் லேம்பும், சூடாக்கியும் அசைத்தும் பார்ப்பது, பிரஷர் கேஜ், ஆசிலோஸ்கோப், பாகத்தை மாற்றிப் பார்ப்பது என்று பல வழிகள் உண்டு. இவற்றில் எதை எடுப்பது என்பதைக் கருவியின் விலையோ நவீனமோ முடிவு செய்யக் கூடாது. கோளாறு ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் செத்துக் கிடக்கும் வண்டி, சில நொடி திணறிவிட்டுத் தெளியும் வண்டி, ஒரே ஒரு ஜெர்க் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும் வண்டி: மூன்றுக்கும் ஒரே கருவி ஒத்துவராது.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஓட்டுபவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. டெம்பரேச்சர் முள் எங்கே இருந்தது, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, மழையா, மேடா, ஏசி ஓடியதா. முக்கியமாக, சாவியைத் திருப்பி அணைத்ததுபோலப் பட்டென்று நின்றதா, இழுவை குறைந்து திணறித் திணறி நின்றதா? பட்டென்று நின்றால் பெரும்பாலும் இக்னிஷன் அல்லது கரன்ட் சப்ளை. திணறி நின்றால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். இந்த ஒரு கேள்விக்கே தேடல் பாதியாகிவிடும்.

ஸ்கேனர்

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். ஸ்கேனர் காரோடு பேசும் பொதுத் தரமான ஓபிடி-2 அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் முழு விவரம் வரும் என்று நம்ப முடியாது.

ஸ்கேனரின் பலம் கோடு (code, காரின் கணினி பதிந்துவைக்கும் கோளாறு எண்) அல்ல, ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு பதிவான அந்தக் கணத்தில் ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு, லோடு, ஃப்யூயல் ட்ரிம் (பெட்ரோலைக் கணினி கூட்டிக் குறைக்கும் அளவு) எல்லாம் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஆகவே இணைத்த கையோடு கோடை அழிப்பதும், பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘ரீசெட்’ செய்வதும் கையிலிருக்கும் ஒரே தடயத்தைத் துடைத்துப் போடும் வேலை. டேஷ்போர்டில் செக் இன்ஜின் லேம்ப் எரியவில்லை என்றாலும் பென்டிங் கோடுகளை, அதாவது இன்னும் உறுதியாகாத கோடுகளைப் பாருங்கள். பல கோளாறுகளுக்கு இரண்டு பயணத்தில் தொடர்ந்து வந்தால்தான் லேம்ப் எரியும். வந்து போகும் கோளாறு பென்டிங்கிலேயே மறைந்துவிடும்.

மெதுவாக வரும் பிரச்சினைகளில் லைவ் டேட்டா நன்றாக உதவும். பி0171 (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்ற கோடு) வந்து, ட்ரிம் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலையில்) 10 சதவீதத்துக்கு மேல் ஏறி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு வந்தால் எங்கோ வேக்குவம் கசிகிறது, அதாவது அளக்கப்படாத காற்று இன்ஜினுக்குள் போகிறது. ஐடிலில் சரியாக இருந்து லோடில் ஏறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை.

இன்ஜின் சுற்றுவதை அளந்து சொல்லும் கிராங்க் சென்சார் விஷயத்தில் மட்டும் ஸ்கேனரை நம்பிக் கெட்டவர்கள் நிறைய. சிக்னல் நின்றுபோனால், இன்ஜினையே அணைத்துவிட்டார்கள் என்று இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) எடுத்துக்கொள்ளும். பல பழைய வண்டிகளில் பி0335 என்ற கிராங்க் சென்சார் கோடு பதிவாவதே இல்லை. மேனுவல் கியர் வண்டியானால் ஒரு சோதனை இருக்கிறது. ஆஃப் ஆகும்போது கிளட்ச்சை மிதிக்காமல் கியரிலேயே உருள விடுங்கள். சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யம் காட்டினால் சென்சார், அதன் ஒயர், அல்லது இசியு சப்ளை போயிருக்கிறது. ஆர்பிஎம் தொடர்ந்து வந்தால் சென்சாரை விட்டுவிட்டுப் பெட்ரோலையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள்.

மீட்டரும் டெஸ்ட் லேம்பும்

டிஜிட்டல் மீட்டர் துல்லியமானதுதான், ஆனால் சப்ளை ஒயரில் அது ஏமாற்றும். அதன் உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 மெகா ஓம். பத்து இழை அறுந்து ஒரே இழையில் தொங்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டும். அதே இடத்தில் 21 வாட் பல்பைப் போட்டால் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். ஒயர் நைந்திருந்தால் பல்பு மங்கிவிடும். சப்ளையையும் எர்த்தையும் சோதிக்க டெஸ்ட் லேம்ப்தான் நம்பகமானது. சென்சார் சிக்னல் ஒயரிலும் ஏர்பேக் ஒயரிலும் பல்பைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே மீட்டர் மட்டும்.

எர்த் பார்க்க மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.5 காட்டினால் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் வேறு எந்தச் சோதனைக்கும் போகாதீர்கள்.

வண்டி ஓடும்போது நின்றுபோகும் கோளாறுக்கு இந்தப் பட்டியலிலேயே மலிவான, கூர்மையான வழி ஒன்று உண்டு. 5 வாட் பல்பு மூன்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 2 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டு, ஒன்றை இக்னிஷன் சுவிட்ச் அவுட்புட்டிலும், ஒன்றை காயிலின் பாசிட்டிவிலும், ஒன்றை பெட்ரோல் பம்ப் சப்ளையிலும் இணைத்து டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். பிறகு வழக்கம்போல ஓட்டுங்கள். பல்பைப் பார்க்கும் வேலை பக்கத்து சீட்டில் இருப்பவருடையது. மூன்றும் ஒன்றாக அணைந்தால் சுவிட்ச். காயில் பல்பு மட்டும் அணைந்தால் அந்த ஒயர் அல்லது ரிலே (கரன்ட்டைத் திறந்து மூடும் மின் சுவிட்ச்). பம்ப் பல்பில் மட்டும் கவனம் தேவை: ஆர்பிஎம் சிக்னல் நின்ற ஓரிரு நொடியில் இசியுவே பம்ப் ரிலேயை அணைத்துவிடும். ஆகவே பல்பு முதலில் அணைந்து பிறகு இன்ஜின் திணறினால்தான் ரிலேமேல் பழி. இன்ஜின் நின்ற பிறகு அணைந்தால் அது விளைவு, காரணம் அல்ல.

சூடாக்கு, குளிர்வி, அசை

சூடானால் நின்று ஆறினால் ஓடும் வண்டிக்கு இதைவிட நேரான வழி கிடையாது. ஹேர் ட்ரையரால் கிராங்க் சென்சாரையோ காயிலையோ தனியாகச் சூடாக்கிப் பாருங்கள். நின்றுபோன நேரத்தில் சந்தேகப்படும் பாகத்தின்மேல் ஃப்ரீஸ் ஸ்ப்ரே அடித்து உடனே செல்ஃப் அடியுங்கள். அரை மணி நேரம் காத்திருந்தால்தான் பிடிக்கும் வண்டி அரை நிமிடத்தில் பிடித்தால் பாகம் சிக்கிவிட்டது. சில ஸ்ப்ரேக்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால் எக்ஸாஸ்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. காந்த வகை கிராங்க் சென்சாரின் உள்ளே இருக்கும் காயில் செம்பு. செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 800 ஓம் காட்டிய சென்சார் 100 டிகிரியில் 1,050 காட்டுவது இயல்பு. அதைக் கெட்டுப்போனது என்று தூக்கிப் போட வேண்டாம். சூட்டில் ஓப்பன் ஆனாலோ (உள்ளே இணைப்பு அறுந்ததாகக் காட்டினாலோ), எண் நிலையில்லாமல் தாவினாலோ அது கெட்டது. காயிலுக்குப் பதில் மின்னணுச் சில்லு உள்ள ஹால் வகைச் சென்சாரில் ரெசிஸ்டன்ஸ் பார்ப்பதற்கே அர்த்தமில்லை.

சில நொடி திணறலுக்கு அசைத்துப் பார்ப்பது. ஐடிலில் விட்டு, ஃபேன், பெல்ட்டிலிருந்து கையை விலக்கிக்கொண்டு, ஒவ்வொரு கப்ளராக (ஒயர்களை இணைக்கும் பிளக்) பிடித்து லேசாக ஆட்டுங்கள். சாவியையும் துவாரத்திலேயே ஆட்டிப் பாருங்கள். ரிலேக்களை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். பழைய ரிலேயில் உள்ளே ஈயப் பற்று விண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. செல்ஃப் அடிக்கும்போது டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டி வண்டி பிடித்தால் பம்ப்பின் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அந்த பம்ப் இனி எத்தனை நாள் ஓடும் என்று யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

பிரஷர் கேஜ்

திணறி நிற்கும் வண்டிக்கு மட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள மல்டி பாயின்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோலின் அழுத்தம் பொதுவாக 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும். உங்கள் வண்டியின் எண்ணை மேனுவலில் பாருங்கள். கேஜை விண்ட்ஷீல்டுக்கு வெளியே வைப்பருக்கு அடியில் செருகி ஓட்ட வேண்டும். பெட்ரோல் ஹோஸ் கேபினுக்குள் வரவே கூடாது. திணறுவதற்கு முன்பே முள் இறங்கினால் பம்ப், ஃபில்டர், ரிலே, டேங்க் வென்ட் (டேங்கிற்குள் காற்று போகும் வழி) இந்த நான்கில் ஒன்று. வென்ட்டை ஒதுக்க, நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளிழுத்து, உடனே வண்டி பிடித்தால் வேறு சோதனை வேண்டாம். கார்புரேட்டர் வண்டிக்கு இந்த மூடிச் சோதனையோடு, பைப் எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் போகிறதா என்பதையும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

ஆசிலோஸ்கோப்

மின் சிக்னலை அலையாகத் திரையில் வரையும் இந்தக் கருவியைத் தவிர, ஒரே ஒரு ஜெர்க்குக்கு வேறு எதுவும் உதவாது. 60 பல்லுக்கான இடத்தில் 2 பல் இல்லாத கிராங்க் வீல் (கிராங்க் சென்சார் படிக்கும் பல் சக்கரம்) 3,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 2,900 துடிப்பு தரும். மீட்டரின் திரை நொடிக்கு நாலைந்து முறைதான் மாறும். பழைய புரோட்டோகால் ஸ்கேனரும் ஏறக்குறைய அதே வேகம். இரண்டு துடிப்பு விட்டுப்போனதை ஸ்கோப் மட்டுமே காட்டும். ஆனால் நல்ல சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு அது வெறும் கிறுக்கல். அரை மணி நேரம் நிற்கும் வண்டிக்கு இதைக் கொண்டுவருவது வீண்.

மாற்றிப் பார்ப்பது

குருட்டாம்போக்கில் செய்தால் எல்லாவற்றிலும் மோசமான வழி. வண்டியிலேயே ஒரே மாதிரி இரண்டு பாகம் இருந்தால் எல்லாவற்றிலும் வேகமான வழி. பி0302 (இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற கோடு) வந்தால் இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றாவதுக்கு மாற்றுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்; மாறாமல் நின்றால் பிளக், இன்ஜெக்டர், ஒயர். பம்ப் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே எண்ணாக இருந்தால் இடம் மாற்றிவிட்டு, ஹாரன் எப்போது ஊமையாகிறது என்று பாருங்கள்.

புதுப் பாகம் வாங்கி மாட்டுவதில், குணமானதுபோலத் தோன்றும் ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. பழையதைக் கழற்றும்போது கப்ளரும் கழற்றி மாட்டப்படுகிறது. அதில் பச்சை படிந்திருந்த உலோக முனை (பின்) உரசிச் சுத்தமாகி வண்டி மூன்று வாரம் நன்றாக ஓடும். பிறகு திரும்பவும் அதே கதை. அதனால் சென்சார் வாங்கும் முன்பு அதன் கப்ளரை மட்டும் கழற்றி, பின்னைச் சுத்தம் செய்து மாட்டி ஓட்டுங்கள். பாகம் மாற்றிய பிறகும் பழையதை எடுத்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்த கோளாறு ஒரு நாள் ஓட்டத்தில் வரவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. இரண்டு கோளாறுக்கு இடையே இருந்த அதிகபட்ச இடைவெளியைப்போல இரு மடங்கு காலம், அதே சூட்டில், அதே அளவு பெட்ரோலோடு ஓட்டுங்கள். அதற்கும் மேல் உறுதி வேண்டுமானால் பழைய பாகத்தை மறுபடி மாட்டிக் கோளாறு திரும்பி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.