காசு வாங்காத ஒரு இடம்: கிருஷ்ணகிரி பக்கத்து ஏ.ஏ. கூட்டம்

கட்டணம் கிடையாது, பெயர்ப் பதிவேடு கிடையாது, வாசலில் பெரிய போர்டும் கிடையாது. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் தம்பி காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் லோடு ஓட்டுகிறவன். போன சீசன் முடிந்ததிலிருந்து வாராவாரம் போகிறான். வீட்டு ஆட்களையும் உட்காரவிடும் திறந்த கூட்டம் என்றால் நானும் கூடப் போவேன். "அங்க என்னக்கா பண்றாங்க?" என்று தெருவில் கேட்கிற பெண்களுக்காக இது.

முதலில் ஒரு எச்சரிக்கை. தினமும் குடிக்கிற ஆளைத் திடீரென்று நிறுத்தச் சொல்லி நேராகக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஆஸ்பத்திரிதான் முதலில். நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் சித்தம் கலங்கி, இல்லாத ஆளோடு பேச ஆரம்பிக்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். தம்பி ஒரு ராத்திரி முழுக்க, சுவரில் எறும்பு ஊருது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தான். அரசு ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஊசியும் போட்டுத் தேற்றினார்கள். இந்த வேலையைக் கூட்டம் செய்யாது. அதேபோல, குடிக்கிறவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும்; ஆளுக்கே ஆபத்து. டாக்டர் பார்த்து, குடிக்கிறவரும் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது.

எங்கள் ஊரில் குடியை விட நினைப்பவர் முதலில் போவது கோயிலுக்கு. முனியப்பன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை. இதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். மாலை போட்ட 48 நாளும் தம்பி சொட்டுக்கூடத் தொட்டதில்லை. எங்கள் அம்மா நிம்மதியாகத் தூங்கியது அப்போதுதான். அவனை நிறுத்தியது சாமி பயம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். விடியலில் குளியல், செருப்பில்லாத கால், எதிரில் வருகிறவரெல்லாம் 'சாமி' என்று கூப்பிடுவது, பொழுது சாய்ந்தால் பஜனைக்குப் போக ஓர் இடம். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினால் அத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடும். பழைய சாயங்காலமும், பழைய ரோடும், பழைய கூட்டாளிகளும் அப்படியே காத்திருப்பார்கள். மூளை அந்த நேரத்தையும் இடத்தையும் குடியோடு சேர்த்தே படித்து வைத்திருக்கிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவர் குழுவாகச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. பழம் சாப்பிடுவது, நடப்பது போன்ற சின்னப் பழக்கங்கள் தானாக வருவதற்கே சராசரியாக 66 நாள் ஆகிறதாம்; ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறுகிறது. குடியை விடுவது அதைவிடப் பெரிய காரியம். ஒரு மண்டலம் நல்ல தொடக்கம். அதற்குப் பிறகும் போக ஓர் இடம் வேண்டும்.

அந்த இடமாகத்தான் இந்தக் கூட்டம் இருக்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசியதில் தொடங்கியது. இங்கேயும் பேச்சுதான். "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லி ஒவ்வொருவரும் தன் கதையை மட்டும் சொல்கிறார். யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது. அதனால் தம்பியிடம் சொன்னதை மட்டும், அவனைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்து, "சாமி, ஆயுசுக்கும் குடிக்கமாட்டேன்னு சத்தியம் வேண்டாம். இன்னைக்கு ராத்திரி மட்டும் குடிக்காம படு. காலைல எனக்குப் போன் பண்ணு" என்றார். இன்றும் பண்ணுகிறான்.

குடியை விட ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், 'நாம் புரிந்துகொண்டபடி' என்ற சொல்லோடு. விபூதி வைத்தவர், ஜெபமாலை வைத்திருப்பவர், தொழுகை முடித்து வருகிறவர், சாமியே இல்லை என்பவர் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். நம்பிக்கை இல்லாதவருக்கு அந்தக் கூட்டமே மேலான சக்தி என்று விட்டுவிடுகிறார்கள். பக்தியுள்ள எனக்கு அது சரியாகவே பட்டது.

ஆராய்ச்சியும் இருக்கிறது. 27 ஆய்வுகள், 10,565 பேரைச் சேர்த்துப் பார்த்த 2020 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வில், ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான சிகிச்சை பெற்றவர்கள், குடியை அடியோடு நிறுத்துவதில் மற்ற மனநலச் சிகிச்சை பெற்றவர்களைவிட முன்னால் இருந்தார்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை.

எங்களுக்குச் சிரமம் என்றால் நேரம்தான். கூட்டம் முடிவதற்குள் கிராமத்துக் கடைசி பஸ் போய்விடும். வண்டி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் எனக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கவில்லை. தம்பிக்கு ஒரு பெரியவர் கிடைத்தார். எங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு அம்மா வேண்டும். காவேரிப்பட்டணம் பக்கம் நாலு பெண்கள் வருவதாக இருந்தால் கீழே எழுதுங்கள், தொடங்குவது எப்படி என்று விசாரிக்கிறேன். சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.