தும்பிக்கை நீண்ட ‘பன்றி ரூபாய்’

1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணத்தை வெளியே எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் ஒரு நாணயக் கண்காட்சியில் 5,500 ரூபாய் கொடுத்து ஏமாந்து வந்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாகக் காசு சேர்க்கிறவன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

காசின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். மன்னரின் அங்கிமேல் கிடக்கும் மாலையில் ஒரு குட்டி யானை உண்டு. அச்சில் தும்பிக்கை குட்டையாகப் போய்விட, பார்த்தவர்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களின் மனம் புண்பட்டது. கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளில் அடித்த சுமார் 94 லட்சம் காசுகளில் ஏறத்தாழ 7 லட்சம்தான் புழக்கத்துக்குப் போனது. மிச்சம் உருக்கு உலைக்கு. 1912இல் தும்பிக்கையை நீட்டித் திருத்திய அச்சு வந்துவிட்டது.

விற்றவர் கெட்டிக்காரர். நான் கேட்பதற்குள் தராசில் வைத்துவிட்டார்: 11.6 கிராம். சுண்டிக் காட்டினார், கணீரென்றது. காந்தத்தை அருகே கொண்டுபோனார், ஒட்டவில்லை. எப்படி ஒட்டும்? அது அசல் வெள்ளி ரூபாயேதான். ஆண்டு மட்டுமே பொய்.

வீட்டில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. கடைசி 1 மற்ற இரண்டு 1களைவிட மெலிந்து, லேசாகச் சாய்ந்து நிற்கிறது. அதைச் சுற்றி ஊசியால் கீறியது போன்ற கோடுகள். அவற்றை மறைக்கக் கறுப்பாக எதையோ அப்பியிருக்கிறார்கள். 1912இன் கடைசி 2இல் வளைவைச் சுரண்டி 1 ஆக்கிய வேலை. காசைத் திருப்பினால், மாலையில் யானை தும்பிக்கையை நன்றாகவே நீட்டிக்கொண்டிருக்கிறது! மேசையருகே நின்ற பத்து நிமிடமும் ஆண்டையே வெறித்துக்கொண்டிருந்த நான் அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஆகவே 1911 என்று நீட்டுகிற காசில் யானை யானையாகவே தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். அங்கி தேய்ந்து யானையே தெரியாத காசையும் தொடாதீர்கள்.

மறுநாள் விற்றவரை அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார். “ரசீதில் 1911 என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா சார்?” என்றார். எடுத்துப் பார்த்தேன். ‘பழைய வெள்ளி நாணயம் - 1’ என்றுதான் இருந்தது.