யூபிஐ லைட்: சில்லறைச் செலவுக்கு நல்ல வசதி, ஆட்டோ டாப்-அப் மட்டும் வேண்டாம்

போனில் பேங்க் அக்கவுன்டை இணைத்தால் மொத்தப் பணமும் போய்விடும் என்று பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பர்ஸ் தொலைந்தால் அதில் இருந்த 500, 1000-தான் போகும். 2016-ல் யூபிஐ வந்த பிறகு, பத்து ரூபாய் டீக்கும் சேமிப்புக் கணக்கையே திறந்து மூடுகிறோம். யூபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் கொண்டுவந்த யூபிஐ லைட், அந்தப் பழைய பர்ஸை ஆப்புக்குள் வைத்துத் தருகிறது. ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனாலும் பலர் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

தொடங்குவது எளிது. ஆப்பில் 'யூபிஐ லைட்' என்ற இடத்துக்குப் போய், எந்த அக்கவுன்ட் என்று தேர்ந்தெடுத்து, ஒரு தொகையைப் போட வேண்டும். பணம் ஏற்றும்போது மட்டும் பின் (யூபிஐ ரகசிய எண்) கேட்கும், செலவு செய்யும்போது கேட்காது. ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு 200 ரூபாய், இருப்பு 2000 ரூபாய் என்று வரம்பு வைத்திருந்தார்கள். ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அதை 1000, 5000 என்று உயர்த்தியது. லைட்டில் இருக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. உங்களுக்கு யாராவது அனுப்பும் பணமும் இதற்குள் வராது, வழக்கம்போல பேங்க் கணக்குக்கே போகும். எல்லா வங்கிகளும் இதைத் தரவில்லை. உங்கள் வங்கி பட்டியலில் இல்லையென்றால் வேறு அக்கவுன்டை இணைப்பதுதான் வழி.

இதன் பெரிய பலன் வேகம். சாதாரண யூபிஐயில் ஒவ்வொரு முறையும் உங்கள் வங்கியின் சர்வர் கணக்கைத் தேடி, பின்னைச் சரிபார்த்து, பணத்தைக் கழிக்க வேண்டும். காலை நெரிசலில் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். லைட்டில் பணம் முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டதால் அந்தப் படியே இல்லை. உங்கள் வங்கி சர்வர் தூங்கினாலும் காய்கறிக்காரருக்குப் பணம் போய்விடும். ஆனால் இதை நெட் இல்லாமல் வேலை செய்யும் வசதி என்று நினைத்துவிடக் கூடாது. டேட்டா வேண்டும், என்பிசிஐயின் வலையும் இயங்க வேண்டும். 2025 ஏப்ரல் 12-ல் நடந்ததுபோல நாடு முழுக்க யூபிஐ திணறினால் லைட்டும் கைகொடுக்காது. கையில் இருநூறு ரூபாய் நோட்டு வைத்திருக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

இன்னொரு பலன் பாஸ்புக். பத்து, இருபது என்று பக்கம் பக்கமாக ஓடும் வரிகள் நின்று, லைட்டில் ஏற்றிய தொகை மட்டும் ஒரு வரியாக வரும். வீட்டுக் கடனுக்கு ஆறு மாத ஸ்டேட்மென்ட் கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பதிலுக்கு, எந்தக் கடையில் எவ்வளவு போனது என்ற விவரத்தை ஆப்பில்தான் பார்க்க வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

இனி குறைகள். பின் கேட்காததால் யோசிக்கக் கிடைத்த அந்த நான்கு நொடியும் போய்விட்டது. 50-க்குப் பதில் 500 என்று அடித்தால் அப்படியே போய்விடும். க்யூஆர் ஸ்கேன் செய்ததும் கடைப் பெயரையும் தொகையையும் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது நல்ல பழக்கம். வீட்டில் குழந்தைகள் போனை எடுப்பார்கள் என்றால் ஆப்பைத் திறக்கவே கைரேகை கேட்கும்படி லாக் போட்டுவிடுங்கள்.

ஆட்டோ டாப்-அப் என்ற வசதியை 2024 கடைசியில் சேர்த்தார்கள். இருப்பு குறைந்தால் பின் கேட்காமல் தானே கணக்கிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். இது லைட்டின் அடிப்படையையே கெடுக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. அதிகபட்சம் 5000-தான் போகும் என்ற உத்தரவாதத்துக்காகத்தானே இதை வைத்திருக்கிறோம்? தீரத் தீரத் தானே நிரம்பினால் அந்த வரம்புக்கு அர்த்தமில்லை. ஆப் கேட்கும்போது மறுத்துவிடுங்கள், ஏற்கெனவே ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள்.

போன் மாற்றும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். லைட் இருப்பு அந்தப் போனோடும் அந்த ஆப்போடும் கட்டப்பட்டது. பழைய போனை ரீசெட் செய்யும் முன், ஆப்பை நீக்கும் முன், லைட்டை மூடிவிட வேண்டும். மீதிப் பணம் அதே பேங்க் கணக்குக்குத் திரும்பும். மூடாமல் விட்டால் பணம் காணாமல் போகாது, ஆனால் வங்கியிடம் புகார் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரர்களுக்கு வேறு பயம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. பெங்களூருவில் சில கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தன. வாடிக்கையாளர் லைட்டில் கொடுத்தாலும் கடைக்காரர் கணக்கில் அது வழக்கமான யூபிஐ வரவுதான். அந்தக் கவலையை லைட் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: லைட் இருப்பதால் மோசடி நிற்காது. பணம் வருகிறது, பின் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது பொய். பணம் வாங்க ஒருபோதும் பின் தேவையில்லை. லைட்டுக்குப் பின்னால் முழுக் கணக்கும் அதே ஆப்பில் திறந்தே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதனால் பெற்றோர் போனில் யூபிஐ அமைத்துக்கொடுக்கிறவர்கள், பென்ஷனோ டெபாசிட்டோ இருக்கும் கணக்கை யூபிஐயில் சேர்க்காமல், குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத வேறொரு சின்னக் கணக்கைத் திறந்து, மாதம் மூவாயிரமோ நாலாயிரமோ அதில் போட்டு, அதிலிருந்து லைட்டுக்கு ஆயிரம் ஏற்றிக்கொடுங்கள். பயத்தோடு தொடங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு தெரியவில்லை.

போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள், ஏனென்றால் வேறு போனில் யூபிஐயைப் பதிவுசெய்ய அந்த சிம்மிலிருந்துதான் எஸ்எம்எஸ் போக வேண்டும். அடுத்து வங்கிக்குச் சொல்லி யூபிஐயை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிடும் முன் முடக்க அப்போதுதான் வாய்ப்பு அதிகம்.