பில்லில் புது ரைசர், படகில் பெயிண்ட் அடித்த பழசு

இன்போர்டு (படகுக்குள்ளேயே பொருத்திய) பெட்ரோல் இன்ஜின் படகு வைத்திருப்பவர்கள், எக்ஸாஸ்ட் எனும் புகைக்குழாய் வேலைக்கு யாரிடமாவது கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எல்லாம் குழாய்க்குள்ளேயே நடக்கிற வேலை. ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதியான இடம் படகில் கிடையாது.

நான் மாற்றச் சொன்னது இரண்டு பக்க ரைசர் (புகையை மேலே ஏற்றி இறக்கும் வார்ப்பிரும்புக் குழாய்), அவற்றின் கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு), குழாய்க்குள் இருக்கும் ரப்பர் ஃபிளாப் (ஒருபக்கம் மட்டும் திறக்கும் மூடி). எல்லாம் மாற்றியதாகப் பில் போட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் ரைசர் பளபளவென்றுதான் இருந்தது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டதற்கு, "அதெல்லாம் அப்பவே பழைய இரும்புக்குப் போயிடுச்சு சார்" என்று பதில் வந்தது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. ஒரு காலை சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் அரைச் சுற்றுகூடச் சுற்றாமல் 'டொக்' என்று நின்றது. இந்தச் சத்தம் கேட்டால் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டு மறுபடி மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். நான் வேறொரு மெக்கானிக்கை அழைத்தேன். அவர் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு இன்ஜினைச் சுற்றவிட்டார். ஒரு சிலிண்டரிலிருந்து உப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அங்கேயே முட்டி நிற்கும். வேகமாக வந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். எனக்கு வளைந்தே விட்டது.

சரி, தண்ணீர் எப்படி உள்ளே வந்தது? இந்த இன்ஜின்களில் குளிர்விக்கக் கடல்நீரையே உறிஞ்சி, கடைசியில் புகையோடு கலந்து பின்பக்கம் வெளியே தள்ளுகிறார்கள். அந்தத் தண்ணீர் திரும்பி வராமல் இருக்கத்தான் ரைசர். புகையை முதலில் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே ஏற்றி, உச்சி தாண்டி இறங்கும் பக்கத்தில்தான் தண்ணீரைக் கலக்கவிடும். மலையின் அந்தப் பக்கம் பெய்த மழை இந்தப் பக்கம் வராத மாதிரி. ஃபிளாப் இரண்டாவது காவல். புகை தள்ளினால் திறக்கும். இன்ஜின் நின்றபின் பின்னாலிருந்து அலை அடித்தால் மூடிக்கொள்ளும்.

ஆனால் ரைசரின் சுவருக்குள்ளும் தண்ணீர் ஓடுகிறது. புகைக்கும் அதற்கும் நடுவே ஒரு வார்ப்பிரும்புச் சுவர், அடியில் ஒரு கேஸ்கெட், அவ்வளவுதான். உப்பு இரண்டையும் அரிக்கும். அதனால்தான் கடலில் ஓடும் ரைசரை 5 ஆண்டுக்குமேல் நம்பாதே என்று பழகிய மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

புது மெக்கானிக் ரைசரைக் கழற்றுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ரைசர், கேஸ்கெட் விளிம்பு, போல்ட் தலை எல்லாவற்றின்மீதும் ஒரே பூச்சாக பெயிண்ட் ஓடியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் அடியில் துரு செதில் செதிலாக வந்தது. போல்ட்டைக் கழற்றவே பெரும்பாடு. கேஸ்கெட் ஒரு மூலையில் கரைந்தே போயிருந்தது. அங்கிருந்து ஒரு பழுப்புத் துருக்கோடு மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து ரைசருக்கு அனுப்பும் பாகம்) இறங்கி, நேராக அந்த ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு வரை போயிருந்தது. ஃபிளாப் இருக்க வேண்டிய இடத்தில் அச்சுக்கம்பியும் அதில் ஒட்டிய கருகிய ரப்பர் துணுக்கும் மட்டும்.

பட்டறைக்காரரிடம் சொன்னேன். "பின்னாலிருந்து அலை ஏறியிருக்கும் சார், எங்க வேலையில குறை இல்ல" என்றார். அலை ஏறியது என்றால் நீங்கள் போட்ட புது ஃபிளாப் எங்கே போனது? அதற்குப் பதில் இல்லை. அலை ரைசரின் உச்சியைத் தாண்டி வந்திருந்தால் துருக்கோடு உச்சியிலிருந்தே தொடங்கியிருக்கும். என் படகில் அது தொடங்கியது கேஸ்கெட்டில்.

இனி வேலைக்குக் கொடுப்பவர்களுக்கு: பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். ரைசரைக் கழற்றி மேனிஃபோல்ட் வாய் திறந்திருக்கும்போது போய்ப் பாருங்கள், போட்டோ எடுங்கள். ஃபிளாப்பை, ஹோஸை மாட்டுவதற்கு முன் விரலால் தள்ளிப் பாருங்கள். லேசாகத் திறந்து தானாக மூட வேண்டும். இன்ஜின் ஒருமுறை சூடேறிக் கொதித்திருந்தால் ஃபிளாப் கருகியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிய்ந்த துண்டு குழாயை அடைக்கவும் செய்யும். எனக்கு அது கீழ்வளைவில் சிக்கியிருந்தது.

வாட்டர்லாக் சைலன்சர் (புகையோடு வரும் தண்ணீர் தேங்கி, புகையின் அழுத்தத்தால் வெளியேறும் பெட்டி) வைத்த டீசல் படகுக்காரர்களுக்கு வேறொரு ஆபத்து. இன்ஜின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் பம்ப் தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி இன்ஜினுக்கே திரும்பும். அப்படிச் சுற்ற வேண்டி வந்தால் கடல்நீர் வால்வை மூடிவையுங்கள், பிடித்த உடனே மறக்காமல் திறந்துவிடுங்கள். நீர் கலக்கும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகு என்றால் சைஃபன் முறிக்கும் வால்வையும் (காற்றை உள்ளே விட்டு, கடல்நீர் தானாக உள்ளே இழுக்கப்படாமல் தடுப்பது) கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். உப்பு கட்டினால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பட்டறைக்காரர் இப்போது ஃபிளாப்புக்கான தொகையை மட்டும் தருகிறேன் என்கிறார். ரைசர் பற்றிப் பேச்செடுத்தால் போனை வைத்துவிடுகிறார். கழற்றிய ரைசரை பெயிண்ட்டோடு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் புகாரோடு அதுவும் போகும்.