தைத்த ஷூவா, ஒட்டிய ஷூவா?

வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்புத் தோல் ஷூவைப் பற்றித்தான் பேச்சு. பசையால் சோல் ஒட்டிய ஷூக்களை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஜோடி தேய்த்துத் தூக்கிப் போட்ட பிறகு, தைத்த சோலுக்கு மாறினேன். அந்த ஜோடிக்கு இது ஆறாவது ஆண்டு. அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒட்டு ஷூவின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. எடை குறைவு, விலை குறைவு, முதல் நாளே காலுக்கு இணங்கிவிடும். தைத்தது கனம், பழகும்வரை குதிகாலைக் கடிக்கும். எனக்கு மூன்று வாரம் ஆனது.

ஆனால் சோல் தேய்கிற நாளில்தான் இரண்டும் பிரிகின்றன. என் மூன்றாவது ஒட்டு ஜோடியில் மேல்தோலுக்கு ஒரு குறையும் இல்லை. பாலிஷ் போட்டால் புதிதுபோல மின்னியது. சோல் மட்டும் பாதம் மடங்கும் இடத்தில் குறுக்கே வெடித்துவிட்டது. பழுது பார்ப்பவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல நல்லாத்தாங்க இருக்கு, கீழ தைக்கத்தான் இடமே இல்லை" என்று கையில் கொடுத்துவிட்டார். நல்ல தோலைக் குப்பையில் போட மனம் வரவேயில்லை.

'குட்இயர் வெல்ட்' என்ற தையல் முறையில் அந்த இடத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவைக்கிறார்கள். மேல்தோலையும் உள்சோலையும் சுற்றி 'வெல்ட்' என்ற தோல் பட்டையை ஒரு தையலால் பிடிக்கிறார்கள். வெளிச்சோலை அந்தப் பட்டையோடு இன்னொரு தையலால் இணைக்கிறார்கள். தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்தால் போதும், மேல்தோலைத் தொட வேண்டியதில்லை. இடையில் நிரப்பியிருக்கும் தக்கை நாளடைவில் உங்கள் பாதத்தின் வடிவுக்கே அமுங்கிக்கொடுக்கும். கடித்த ஷூதான் பிறகு விடமுடியாத ஷூவாகிறது.

எப்போதாவது போடலாம் என்று பெட்டியில் வைப்பவர்களுக்கு இன்னொன்று. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த சோல் காற்றின் ஈரத்தாலேயே சிதைந்து, சில ஆண்டுகளில், போடாமல் வைத்திருந்தாலும் பொடிந்து உதிரும். தோல் சோலுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

வாங்கும்போது தையலைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள். ஒட்டிய சோலின் ஓரத்தில் அழகுக்காக ஓடவிட்ட பொய்த் தையலும் உண்டு. "இதுக்கு சோல் மாத்த முடியுமா?" என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். தெரிந்து விற்பவர் ஷூவைக் கவிழ்த்துக் காட்டியே பதில் சொல்வார்.

ஓட்டப் பயிற்சிக்கு இந்த வாதம் செல்லாது. அங்கே மெத்தென்ற நுரை சோல்தான் வேண்டும், அது ஒட்டித்தான் வரும். உள்சோல்வரை ஒரே தையலாகப் போகும் 'பிளேக்' முறை ஷூவை நான் ஒரு ஜோடிதான் போட்டிருக்கிறேன், அதுவும் ஒரே ஆண்டு. லேசாக, நன்றாக வளைந்துகொடுத்தது. நெடுநாள் உழைப்பைப் பற்றி அதை வைத்துச் சொல்ல முடியாது.

தைத்ததை வாங்கினால், தேய்மானம் வெல்ட்டைத் தொடும் முன்பே சோல் மாற்றக் கொடுத்துவிடுங்கள். தொட்டுவிட்டால் வெல்ட்டையும் பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டிவரும்.