நேஷனலா, கான்டினென்டலா?

இரண்டுமே நியூயார்க் கம்பெனிகள். வங்கி நோட்டு அடித்த கையோடு அமெரிக்கத் தபால்தலையும் அடித்தவை. நேஷனல் பேங்க் நோட் கம்பெனியின் காலம் 1861 முதல் 1873 வரை. ஒப்பந்தம் கைமாறியதும் கான்டினென்டல் 1879 வரை அச்சடித்தது. பெரும்பாலும் அதே படங்கள்தான், நேஷனல் செதுக்கிய அதே அச்சுகளிலிருந்து வந்தவை.

அப்புறம் எப்படிப் பிரிப்பது? கான்டினென்டல் அந்த அச்சுகளில் சேர்த்த ரகசியக் குறிகளை வைத்துத்தான். நீல நிற 1 சென்ட் பிராங்க்ளினை எடுத்து லென்ஸில் பாருங்கள். எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் முத்து போன்ற அலங்காரத்துக்குள் சின்னப் பிறைக்கோடு இருந்தால் அது கான்டினென்டல். 2 சென்ட் ஜாக்சனில் ‘யு.எஸ்.’ எழுத்துகளுக்கு இடப்பக்கச் சுருளின் கீழே ஒரு சாய்கோடு. 24, 30, 90 சென்ட்டில் இப்படி ரகசியக் குறி கிடையாது; அங்கே நிபுணர் சான்றிதழ் இல்லாமல் பணம் போடாதீர்கள்.

அழகு என்று வந்தால் என் ஓட்டு நேஷனலுக்குத்தான். 1869 வரிசையில் ரயில் எஞ்சினையும் குதிரை அஞ்சல்காரரையும் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் முதல் இருவண்ணத் தபால்தலைகளும் அதில்தான் வந்தன. அவற்றில் சில, நடுப்படம் மட்டும் தலைகீழாக அச்சாகி, இன்று பெரும் விலை போகின்றன. சேகரிப்பைப் புதிதாகத் தொடங்குபவர் கான்டினென்டலின் பச்சை 3 சென்ட் வாஷிங்டனை வாங்கலாம். எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு.